ஆளுநர் ஒட்டி வைத்த தாள்

போன மாதம் ஷாலினி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வேலை விஷயமாக என்னை இப்போது யாரும் தேடுவதில்லை. ஷாலினி இங்கே சிங்கப்பூரில் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய தாள்களைச் செப்பனிடும் பிரிவில் இருக்கிறாள். நான் முப்பத்தோரு ஆண்டுகள் செய்ததும் அதே வேலைதான்.

“ஜமீலா ஆன்ட்டி, ஒரு விஷயம் கேக்கணும். கோச்சுக்காதீங்க லா.”

இப்படி ஆரம்பிக்கிற எந்தக் கேள்வியும் எனக்கு நல்லதாக முடிந்ததில்லை.

“அந்த கவர்னர் புக் எங்ககிட்ட வந்திருக்கு. மிஸஸ் வெல்பி இறந்துட்டாங்க, பிள்ளைங்க டொனேட் பண்ணிட்டாங்க. உங்க லேப் போட்ட ரிப்போர்ட்டும் கூடவே வந்துச்சு. எழுபத்தோராவது தாளும் எழுபத்திரண்டாவது தாளும் ஒட்டியிருந்துச்சு, பிரிஞ்சப்போ உள்பக்கம் ஒண்ணும் எழுதலைன்னு அதுல இருக்கு. ஆனா புது கேமராவுல பாத்தா உள்ள எழுதி அழிஞ்ச தடம் தெரியுது. படிக்க முடியல. எண்ண மட்டும் முடியுது, பதிமூணு வரி. ரிப்போர்ட் தப்பா, கேமரா தப்பா?”

கேமரா தப்பில்லை. அது எனக்கு உடனே தெரியும்.  ஆனால் யோசித்து எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? எழுதுவதற்குத்தான் துணிச்சல் வேண்டியிருந்தது. மூன்று வாரம் புக்கிட் பாத்தோக் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிக் கிழித்து, கடைசியில் எழுதியது இது.

பாலிடெக்னிக்கில் வேதியியல் படித்தேன். மருந்துத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்தவள், நாளிதழில் வந்த சின்ன விளம்பரத்தைப் பார்த்து லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் ஏறினேன். கீழே சேலைக் கடை, மேலே தங்கராஜ் சாரின் லேப். முதல் இரண்டு ஆண்டுகள் கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். அடுத்த இரண்டு ஆண்டுகள் ஜப்பானியத் தாளை நார் தெரியக் கிழித்து ஒட்டுப்போடப் பழகினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

தங்கராஜ் சாரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குள்ளமான மனிதர். வேலை மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, நின்றபடிதான் எல்லாம். காலையில் வந்ததும் கைக்கடிகாரம், மோதிரம் இரண்டையும் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார். பிறகு முழங்கைவரை கழுவுவார். பேனாவுக்கு லேபில் இடமில்லை, பென்சில் மட்டும்தான். ஒருமுறை ஓர் அமைச்சகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி சட்டைப்பையில் பேனாவோடு மேசைப் பக்கம் குனிந்தார். சார் அந்தப் பேனாவை எடுத்துத் தன் டப்பாவில் போட்டுவிட்டு, “போகும்போது வாங்கிக்குங்க” என்றார். அதிகாரி பள்ளிப் பையன் மாதிரி நின்றார்.

“முடிச்சிட்டீங்களா” என்று அவர் எங்களைக் கேட்டதில்லை. “சோதிச்சீங்களா” என்றுதான் கேட்பார். ஒரு தாளைத் தண்ணீரில் கழுவலாமா என்பதை அதிலிருக்கும் மைதான் சொல்ல வேண்டும். ஊசி முனையளவு தண்ணீரை ஓர் எழுத்தின் மேல் வைத்து, மனத்துக்குள் இருபது வரை எண்ணி, மையொற்றுத் தாளை மேலே அழுத்தி எடுக்க வேண்டும். ஒற்றுத் தாளில் நிறம் ஏறினால் அந்தப் பக்கம் தண்ணீரைப் பார்க்கக் கூடாது. ஒரு பக்கத்தில் மூன்று இடம். கையெழுத்து மாறினால் மறுபடி மூன்று இடம். ஒவ்வொரு தாளுக்கும் படிவத்தில் ஒரு வரி உண்டு. ‘இரு பக்கமும் சோதிக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் நாங்கள் குறி போட்டால், அவர் பார்த்துவிட்டுத் தன் பெயரின் முதலெழுத்தைப் போடுவார். அது இல்லாமல் எந்தத் தாளும் தண்ணீர் ட்ரேயில் இறங்காது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பழைய கல்லறை அடக்கப் பதிவேட்டின் ஓரத்தை அரிசியளவு கிழித்துவிட்டேன். யாருக்கும் தெரியாது, ஒட்டினால் முடிந்தது. “ஒட்டுங்க. ஒட்டிட்டு ரிப்போர்ட்ல எழுதுங்க, எங்க கிழிஞ்சுது, யார் கிழிச்சதுன்னு” என்றார் சார். அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் கையெழுத்திட்ட எந்த ரிப்போர்ட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று தெரிந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் அவருக்கு வேலை வந்தது அதனால்தான்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் மிஸஸ் வெல்பி அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்த கணவரோடு இங்கே குடியிருந்த ஆங்கிலேயப் பெண்மணி. அறுபது வயதிருக்கும். நல்ல மனுஷிதான். வரும்போதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் கறிபஃப் வாங்கி வருவார். எனக்கென்று மறக்காமல் ஹலால் கடையில் வாங்குவார்.

தாய்வழியில் அவருடைய முன்னோர் ஒருவர் அமெரிக்காவில், பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட காலத்தில், நெல் விளையும் தெற்குக் குடியேற்றம் ஒன்றின் ஆளுநராக இருந்தவர். அவர் அனுப்பிய கடிதங்களுக்கும் உத்தரவுகளுக்கும் குமாஸ்தா எடுத்து வைத்த நகல்கள்தான் அந்தப் புத்தகம். குடும்பத்தின் நிலவறையில் வெள்ளம் புகுந்து, தாள்களில் கறையும் பூஞ்சையும் ஏறியிருந்தன. தையலைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகக் கழுவி, ஒட்டுப்போட்டு, மறுபடி தைக்க வேண்டும். மிஸஸ் வெல்பி ஆளுநரைப் பற்றி ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். ‘கருணையுள்ள ஆளுநர்’ என்று தலைப்புகூட வைத்துவிட்டார்.

ஒன்பது மாதம் அந்த மனிதரோடு இருந்தேன். எங்கள் வேலையில் படிக்கக் கூடாது என்றில்லை. ஆனால் படித்துக்கொண்டே வேலை செய்தால் கை தவறும் என்பார் சார். நான் படித்தேன்.

ஆளுநர் ஒரு பாதிரியாரின் மூன்றாவது மகன். பதினாறு வயதில் படையில் சேர்ந்து, ஏதோ ஒரு போரில் வலக்கையின் இரண்டு விரல்களை இழந்தார். அதனால்தான் எல்லாவற்றையும் குமாஸ்தா எழுதினார். அவசரத்துக்கு ஆளுநர் தாமே எழுதினால் இடக்கையால்தான். எழுத்துகள் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நிற்கும். ஓரக் குறிப்பாக அங்கொன்றும் இங்கொன்றுமாக அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். மனைவியின் மாமா ஒருவர் சிபாரிசு செய்து அமெரிக்கப் பதவியை வாங்கிக் கொடுத்தார். மனைவியும் இரண்டு பெண்களுமாகக் கப்பலேறினார். முதல் கோடையிலேயே சின்னப் பெண் காய்ச்சலில் இறந்தாள்.  எனக்கும் இரண்டு பெண்கள்.

பிறகு ஆளுநரின் நாட்கள் சாதாரணமாக நகர்ந்தன. கூரை ஒழுகுகிறது, வந்து சேர்ந்த திராட்சை மது புளித்துவிட்டது, உள்ளூர் சபையார் மரியாதை தெரியாதவர்கள் என்று லண்டனுக்குப் புலம்பல். பூர்வகுடித் தலைவர்களை அழைத்து விருந்து வைத்து, ஆளுக்கொரு வெள்ளிப் பதக்கம் போட்டு, ஆற்றின் இரு கரையையும் எழுதி வாங்கிக்கொண்டார். நகரத்தில் ஒரு சதுக்கம் அமைத்து வரிசையாக மரம் நட்டார். எந்த மரம் எங்கே என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். கொடூரன் எழுதுகிற மாதிரி ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை பயமாக இருக்கிறது.

நான்காம் ஆண்டு அறுவடையின்போது, நெல் வயல்களில் வேலை செய்த அடிமைகள் கலகம் செய்யப் போகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. ஆற்றங்கரையில் யாரோ முரசு கொட்டினார்களாம். காவலைக் கூட்டு, படகுகளைக் கட்டி வை என்று நாளுக்கு நாலு உத்தரவு. அதற்குப் பிறகு பத்து நாட்களுக்குப் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை. பதினோராவது நாள் லண்டனுக்கு ஒரு கடிதம். ‘அமளி தானாகவே அடங்கிற்று, கடுமை எதுவும் தேவைப்படவில்லை.’

அந்தக் கடிதத்துக்கு அடுத்த பக்கத்தில், வாசல் காவலுக்குப் போன ஒரு சிறிய உத்தரவு இருந்தது. பீப்பாய் செய்பவனின் மனைவி நாள்தோறும் வாசலுக்கு வந்து உடலைக் கேட்கிறாள், இல்லை என்று சொல்லி அனுப்பவும். அவ்வளவுதான்.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடுமை தேவைப்படவில்லை என்றால் உடல் எங்கிருந்து வந்தது? அந்தப் பெண்ணின் பெயர் இல்லை, அவள் கணவரின் பெயரும் இல்லை. அந்த உத்தரவு இருந்ததுதான் எழுபத்தோராவது தாளின் முன்பக்கம். அதன் பின்பக்கமும் அடுத்த தாளின் முன்பக்கமும் ஒன்றோடொன்று முழுக்க ஒட்டப்பட்டிருந்தன. வெள்ளத்தில் தானாக ஒட்டியதல்ல. விளிம்புவரை ஒழுங்காகப் பசை தடவி, யாரோ அழுத்தி ஒட்டியிருந்தார்கள்.

அடுத்த முறை மிஸஸ் வெல்பி வந்தபோது சாரை வைத்துக்கொண்டே அந்த உத்தரவைக் காட்டினேன். மிஸஸ் வெல்பி கண்ணாடியைப் போட்டுப் படித்தார். முகம் கொஞ்சம் வாடியது. அந்தக் காலத்தில் காய்ச்சலில் எத்தனையோ பேர் இறந்தார்கள், தூக்கிலிட்டதாக இதில் எங்கே இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். ஒட்டிய தாளைப் பிரித்தால் தெரியலாம் என்றேன். வேண்டாம், எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக யாரும் அதைத் தொட்டதில்லை, அப்படியே இருக்கட்டும் என்றார்.

அவர் போனதும் சாரைப் பிடித்துக்கொண்டேன்.

“சார், உள்ள ஏதோ இருக்கு. இல்லாட்டி ஏன் ஒட்டணும்?”

“இருக்கலாம்.”

“அப்ப பிரிக்க வேணாமா? அந்தம்மா புக் எழுதப் போறாங்க. ஒரு சொட்டு ரத்தம் சிந்தலன்னு எழுதப் போறாங்க.”

“அது அவங்க புக். இது அவங்க பொருள். அதோட, உள்ள இருக்குற மையை நீங்க சோதிச்சீங்களா? சோதிக்க முடியாததைத் தொடக் கூடாது. ஒட்டினவன் கை வேலையும் இந்தப் புக்ல ஒரு பகுதிதான், ஜமீலா. விடுங்க லா.”

விட்டிருக்க வேண்டும். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஆனால் வாசலில் நின்ற அந்தப் பெண் என் மண்டைக்குள் ஏறிக்கொண்டாள். ரேஸ்கோர்ஸ் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அவள்தான், தொழுகையில் நிற்கும்போதும் அவள்தான். அவள் புருஷன் பெயர் அந்தத் தாளுக்குள் இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். யாருக்கோ நியாயம் செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் மனிதர்கள் எவ்வளவு தந்திரசாலிகள் ஆகிவிடுகிறார்கள் என்பதை என்னிடமே பார்த்தேன்.

கழுவும் வேலை இருபது இருபது தாள்களாக நடந்தது. நான்காவது தொகுதிக்கான படிவத்தை எழுதும்போது, ஒட்டிய இரண்டு தாள்களையும் எழுபத்தொன்று என்று ஒரே தாளாகப் போட்டேன். வெளியே தெரிந்த இரண்டு பக்கங்களையும் முறைப்படி சோதித்தேன். குமாஸ்தாவின் மை கெட்டியானது, ஒற்றுத் தாளில் பொட்டு நிறமும் ஏறவில்லை. ‘இரு பக்கமும் சோதிக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் குறி போட்டேன். அங்கே இருந்தது நான்கு பக்கம் என்று எனக்குத் தெரியும். தண்ணீரில் போட்டால் பசை தானாக இளகும், தாள் தானாகப் பிரியும், நான் பிரித்ததாக ஆகாது. இதுதான் என் கணக்கு.

சார் படிவத்தை வாங்கி, மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் எழுத்தைப் போட்டார். வேறு யாருடைய படிவமாக இருந்தாலும் எண் எண்ணாகப் பார்த்திருப்பார். என்னுடையது என்பதால் பார்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம். சார் தேக்கா சந்தையில் சாப்பிடப் போயிருந்தார். மற்ற இருவரும் அடுத்த அறையில். நான் தாள்களைத் தாங்குதுணியில் வைத்து, ஒவ்வொன்றாக ட்ரேயில் இறக்கினேன். ஒட்டிய தாளுக்குத் தனி ட்ரே. இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடப்பக்கக் கீழ்மூலை தூக்கியது. தாள் பிரிக்கும் எலும்புத் தகட்டை நுழைத்து மெல்லத் தள்ளினேன். தானாகப் பிரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ தெரியாது. மேல்தாளைத் திருப்பிப் போட்டேன்.

ஆளுநரின் இடக்கை எழுத்து. குமாஸ்தா தவறுதலாக இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பி வெறுமையாக விட்ட பக்கங்களில் ஒன்றில், அவரே எழுதியிருந்தார். மேலே ஒரு தேதி, ‘நிறைவேற்றப்பட்டது’ என்று ஒரு சொல். கீழே இரண்டு பத்திகளாகப் பட்டியல். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் அந்த ஆள் செய்துவந்த வேலை.

அது குமாஸ்தாவின் மை அல்ல. வீட்டில் எதையோ கரைத்துச் செய்த மட்டமான மை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகளின் ஓரம் தேநீர் நிறத்தில் கசிந்தது.

இங்கேதான் நான் மெதுவாக எழுத வேண்டும். அந்த நொடியில் செய்ய வேண்டியது என்ன என்று முதலாம் ஆண்டு பயிற்சிக்கு வந்தவருக்கும் தெரியும். தாங்குதுணியோடு தூக்கு, ஒற்றுத் தாளில் போடு, மேலே இன்னொன்றை வைத்து அழுத்து. பத்து நொடி வேலை. செய்திருந்தால் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். ஒற்றுத் தாள் ட்ரேக்குப் பக்கத்திலேயே அடுக்கி இருந்தது. நான் அதைத் தொடவில்லை. குனிந்து படித்தேன். பெயர்களைப் படிக்க வேண்டும் என்ற வெறியில், பெயர்களைக் காப்பாற்ற மறந்துவிட்டேன். தூக்கினால் ஈரத் தாளில் விளக்கொளி பளபளத்துப் படிக்க முடியாது, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று நின்றுவிட்டேன். தண்ணீர் மூலையிலிருந்து ஏறி இடப்பக்கப் பத்தியைத்தான் முதலில் தின்றது.

சார் எப்போது வந்தார் என்று தெரியாது. கடிகாரத்தைக்கூடக் கழற்றாமல் இரண்டு கையையும் ட்ரேயில் விட்டுத் தாளைத் தூக்கினார். ஒற்றுத் தாளில் போட்டார். மாற்றினார், மறுபடி மாற்றினார். ஒவ்வொரு ஒற்றுத் தாளிலும் வெளிறிய பழுப்பு மட்டும் வந்தது, எழுத்து வரவில்லை. ஆறு தாள் மாற்றியபின் நிறுத்தினார். அவருடைய கடிகாரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

படிவத்தை எடுத்துப் பார்த்தார். கட்டத்தில் என் குறி, பக்கத்தில் அவர் எழுத்து.

“தெரிஞ்சே பண்ணீங்களா?”

“ஆமா சார்.”

“என்ன இருந்துச்சு?”

“பேரு சார். தூக்குல போட்டவங்க பேரு.”

“எத்தனை படிச்சீங்க?”

“அஞ்சு.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரிப்போர்ட்டைத் தானே எழுதினார். வழக்கமாக நான்தான் எழுதுவேன். கழுவும்போது பழைய பசை இளகித் தாள் தானாகப் பிரிந்தது, உள்பக்கங்களில் எழுத்து எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“சார், இது—”

“இதுல உங்க பேர் வந்துச்சுன்னா இந்தத் தொழில்ல உங்களை யாரும் வாசப்படி ஏத்த மாட்டாங்க. ரெண்டு பிள்ளைங்களை வச்சிருக்கீங்க.” குரல் உயரவே இல்லை. “அந்த அஞ்சு பேரையும் எங்கயும் எழுதி வைக்காதீங்க. தாள்ல காட்ட முடியாததை நாம எழுத முடியாது.”

அரிசியளவு கிழிசலுக்கு என் பெயரை எழுத வைத்த மனிதர். எனக்காக அந்தப் பொய்யை எழுதினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். நன்றியும் வெட்கமும் ஒன்றாக வந்தன. அதில் நன்றிதான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அவரிடம் எட்டு ஆண்டுகள் வேலை செய்தேன். ஒரு நாளும் அதைப் பேசவில்லை, ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை. ஆனால் “சோதிச்சீங்களா” என்று அவர் என்னைக் கேட்பது நின்றுபோனது. மற்றவர்களைக் கேட்டார். என் தாள்களை மட்டும், நான் சோதித்து முடித்த பிறகு, தானே ஊசியும் ஒற்றுத் தாளும் எடுத்துக்கொண்டு வந்து மறுபடி சோதித்தார். நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எட்டு ஆண்டுகள்.

மிஸஸ் வெல்பியின் நூல் வந்தது. எங்களுக்கும் ஒரு பிரதி கொடுத்தார். அந்தப் பத்து நாட்களைப் பற்றிய அத்தியாயத்தின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. ஒட்டப்பட்ட தாளைச் சிங்கப்பூர் நிபுணர்கள் திறந்து பார்த்தார்கள், வெறுமையாக இருந்தது, பழி நீங்கியது என்று. அந்தப் பெண்மணி பொய் எழுதவில்லை. நாங்கள் கொடுத்ததை எழுதினார். ஆளுநர் தன் காலத்தில் செய்ய முயன்று முடியாததை நாங்கள் முடித்துக் கொடுத்திருந்தோம்.

தாளைக் கிழித்தெறியாமல் ஆளுநர் ஏன் ஒட்டி வைத்தார் என்று பல முறை யோசித்திருக்கிறேன். கிழித்தால் தையலில் தெரியும் என்பதற்காக இருக்கலாம். அழிக்க மனம் வராமல் இருக்கலாம். தெரியாது. பதவி போய் ஊர் திரும்பியபின் வேறு பதவி கேட்டு நிறையக் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் ஒன்று மதராஸுக்கு. கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எங்கள் நாகூர்ப் பக்கத்து ஆட்களின் பெயர்களும் இரண்டு பத்தியில் ஏறியிருக்கும். கடைசிவரை கீல்வாதத்தில் கிடந்து, படுக்கையில் இறந்தார்.

தங்கராஜ் சார் இறந்து ஐந்தாண்டு ஆகிறது. இதை எழுதினால் அவர் கையெழுத்துத்தான் பொய்யாகிறது. அதனால் போன வாரம் புக்கிட் மேராவுக்குப் போய் அவர் மனைவியைப் பார்த்தேன். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார்.

“அவரா? ரிப்போர்ட்ல பொய்யா எழுதினாரு?”

“ஆமா அக்கா. எனக்காக.”

அக்கா சுவரிலிருந்த படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “ஒரு நாள் வாட்ச்ல தண்ணி பூந்துருச்சுன்னு வந்தாரு. நான் வாங்கிக் கொடுத்த வாட்ச். ரிப்பேருக்குக் கொடுங்கன்னா கேக்கல, கடைசி வரைக்கும் நின்ன வாட்சையே கட்டிட்டுப் போனாரு. ஏன்னு சொல்லவே இல்ல.” காலி டம்ளரை எடுத்துக்கொண்டே, “எழுதுங்க ஜமீலா. ஆனா எனக்காகன்னு சொன்னீங்கல்ல, அதையும் சேத்து எழுதுங்க” என்றார்.

எழுதிவிட்டேன் அக்கா.

நேற்று ஷாலினி மறுபடி அழைத்தாள். நான் இன்னும் எதுவும் அனுப்பியிருக்கவில்லை. அவசரமில்லை என்று சொல்லிவிட்டு, பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். “இப்பல்லாம் ஒட்டின தாளைப் பிரிக்காமலே உள்ள இருக்குறதைப் படிக்கிற மெஷின் வந்துருச்சு ஆன்ட்டி. அது அப்படியே ஒட்டியிருந்திருந்தா பதிமூணு வரியும் படிச்சிருக்கலாம். யார் கைபட்டுச்சோ.”

என் கை, ஷாலினி. இதை அந்த ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கட்டி வை. தாளில் காட்ட முடியாததை எழுதக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். இது தாளின் சாட்சி அல்ல, என் சாட்சி. எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதல் வரி, குவாஷ், படகோட்டி. இரண்டாம் வரி, கேட்டோ, தச்சர். மூன்றாம் வரி, சாம்ப்சன், வயல். இந்த மூன்றும் நிச்சயம். நான்காம் வரி, மிங்கோ, வயல் என்று நினைக்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக எழுதி வைக்காமல் மனத்திலேயே வைத்திருந்ததில் எழுத்து மாறியிருக்கலாம். ஐந்தாம் வரி, டிக், குதிரை லாயம்.

ஆறாம் வரியில் நான் கண்ணை வைத்தபோது வலப்பக்கம் மட்டும் இருந்தது. பீப்பாய் செய்பவர் என்று தெளிவாகப் படித்தேன். இடப்பக்கம் பழுப்புத் தண்ணீராக இருந்தது. அவர் பெயர் அதில் போய்க்கொண்டிருந்தபோது நான் டிக் என்ற பெயரைப் படித்துக்கொண்டிருந்தேன்.